ரீச்சரிடம் கேளுங்கள்: கதிரை எங்கள் சொல்லா?

கேள்வி: ரீச்சர், போன மாதம் சென்னையில் இருந்து உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மகளிடம் "மாமாவுக்குக் கதிரையை எடுத்துப் போடு" என்றேன். "கதிரை என்றால் என்ன?" என்று அவர் கேட்டார். விளக்கியதும், "அது தமிழே இல்லையே, நாற்காலி என்றல்லவா சொல்ல வேண்டும்?" என்றார். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரோ, கதிர் அறுத்த களைப்பு ஆற இருப்பதால்தான் கதிரை என்று பெயர் வந்தது, அது சுத்தத் தமிழ் என்கிறார். எது சரி? இனிமேல் பிள்ளைகளுக்கு நாற்காலி என்றுதான் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?
- க., ஒட்டுசுட்டான்

தம்பி, முதலில் அந்தப் பெரியவரின் விளக்கத்தை எடுப்போம். அருவிவெட்டு முடிந்து களைத்துப் போய் இருந்தவர்களின் ஊரில்தான் இப்படி ஒரு விளக்கம் பிறக்கும். அதனால் எனக்கு அதில் விருப்பம் உண்டு. ஆனால் வயலில் ஆறியிருக்க வரம்பும் மருத மர நிழலும்தான் இருந்தன. கதிரை வயலுக்குப் போன பொருள் அல்ல, விறாந்தைக்கு வந்த பொருள். கதிர் என்றால் நெற்கதிர், ஒளிக்கதிர், நூல் நூற்கிற கதிர். இருக்கை என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு இல்லை.

இன்னொரு கதிரையும் எங்களிடம் உண்டு. கதிர்காமத்தைத்தான் கதிரை என்கிறோம். கதிரைமலை, கதிரைவேலன் என்று பெயர்கள் இருக்கின்றன. செல்வச்சந்நிதியில் புறப்பட்டு முல்லைத்தீவுக் கரையோரமாக நடந்து வரும் யாத்திரிகர் தேடிப் போவது அந்தக் கதிரையை. எழுத்தில் ஒன்றாகத் தெரிந்தாலும் இரண்டும் வேறு வேறு சொற்கள்.

நாங்கள் இருக்கிற கதிரை போர்த்துக்கேயச் சொல். அவர்கள் மொழியில் 'கதெய்ரா'. அவர்கள் இலங்கைக்கு வந்தது 1505இல். மன்னாரில் 1560இல் கோட்டை கட்டினார்கள். யாழ்ப்பாண இராச்சியத்தை 1619இல் பிடித்து, 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். யாழ்ப்பாணத்தை ஆண்டது நாற்பது வருடமும் இல்லை. ஆனால் மேசை, அலுமாரி, யன்னல், சாவி, கோப்பை, துவாய், சப்பாத்து, பாண் என்று அவர்கள் விட்டுப் போன சொற்கள் இன்றைக்கும் எங்கள் வீட்டு அறைகளில் கிடக்கின்றன.

வன்னியை அவர்கள் நேராக ஆளவில்லை. வன்னிமைகள் யானைகளைத் திறையாகக் கொடுத்துவிட்டுத் தங்கள் காட்டையும் குளத்தையும் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். ஆகவே இந்தச் சொல்லை இங்கே கொண்டுவந்தது பறங்கிச் சிப்பாய் அல்ல, யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருந்து வந்த வியாபாரமும் கலியாணமும் ஓடாவிமாரும்தான் என்பது என் எண்ணம்.

ஓடாவி என்று சொல்லும்போது எனக்கு ஐயாவின் ஞாபகம் வருகிறது. அவர் முள்ளியவளையில் ஓடாவியாக இருந்தவர். பட்டறைக்குள் முதிரைத் தூளின் மணம் எப்போதும் இருக்கும். கைவைச்ச கதிரை, பிரம்புக் கதிரை, மடக்குக் கதிரை, சாய்மனைக் கதிரை என்று அவர் வாயில் கதிரைக்குப் பல பெயர்கள். ஆறு வயதில் அவற்றை எல்லாம் நான் தமிழாகத்தான் கேட்டேன். உளி, வாள், சீவுளி என்ற சொற்களோடு சேர்ந்து வந்த சொல் அது. அதை வேறாகப் பிரித்து வைக்க எனக்குத் தோன்றியதே இல்லை.

சரி, 'கதெய்ரா' எப்படிக் கதிரையானது? நடுவில் இருந்த 'எய்' எங்கள் வாயில் 'இ' ஆகச் சுருங்கியது. கடைசி 'ஆ' 'ஐ' ஆனது. இந்தக் கடைசி மாற்றத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். மாலா மாலையானது, சீதா சீதையானாள், சபா சபையானது. 'மேசா' மேசையானதும் அப்படியே. வடமொழிச் சொல்லை எந்த வாசலால் உள்ளே எடுத்தோமோ, அதே வாசலால்தான் பறங்கியரின் சொல்லையும் எடுத்திருக்கிறோம். தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காக வகுத்தபோதே, வெளியில் இருந்து வருவதற்கு இடம் வைத்துவிட்டார். வந்த சொல் எங்கள் எழுத்துக்கு அடங்கி நடக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. கதிரை அடங்கி நடக்கிறது. கதிரையை, கதிரைக்கு, கதிரையில் என்று எல்லா வேற்றுமையும் ஏற்கிறது.

போர்த்துக்கேயர் கப்பல் போன இடமெல்லாம் இந்தச் சொல்லும் இறங்கியிருக்கிறது. கொங்கணியில் 'கதேல்', வங்காளத்தில் 'கெதாரா', மலையாளத்தில் 'கசேர', கிழக்குத் தீமோரின் தேத்தும் மொழியில் 'கதெய்ரா'. சிங்களவர் மேசை, யன்னல், அலுமாரி மூன்றுக்கும் எங்களைப் போலவே போர்த்துக்கேயச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்: மேசய, ஜனேலய, அல்மாரிய. ஆனால் கதிரைக்கு மட்டும் அவர்களிடம் 'புட்டுவ' என்று வேறு சொல். ஒரே தீவில், ஒரே காலத்தில் வந்த பொருளுக்கு ஏன் இந்த வேறுபாடு என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

இந்தியில் குர்ஸி, தெலுங்கிலும் கன்னடத்திலும் குர்ச்சி, மலாயில் கெருசி. இவை வேறு குடும்பம், அரபு வழி வந்தவை. திருக்குர்ஆனின் 2ஆம் அத்தியாயம் 255ஆம் வசனத்தை ஆயத்துல் குர்ஸி என்பார்கள். என்னோடு படிப்பித்த ஒரு முஸ்லிம் ஆசிரியை ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னர் அதை ஓதுவார். அங்கே குர்ஸி இறைவனின் அரியாசனம். அரபுக்கு முன்னர் அரமேயத்திலும், அதற்கும் முன்னர் மெசப்பொத்தேமியாவின் அக்காடிய மொழியில் 'குஸ்ஸூ' என்றும் அந்தச் சொல் இருந்தது.

எங்கள் கதிரைக்குத் திரும்புவோம். போர்த்துக்கேயம் அதை இலத்தீனில் இருந்து பெற்றது, இலத்தீன் கிரேக்கத்தில் இருந்து எடுத்தது. அங்கே அது 'கதெத்ரா'. 'கதா' என்றால் கீழே, 'ஹெத்ரா' என்றால் இருக்கை. கீழே அமரும் இடம் என்று பொருள் கொள்ளலாம். பிறகு ஆசான் இருந்து படிப்பிக்கும் இருக்கைக்கும், ஆயர் இருந்து போதிக்கும் இருக்கைக்கும் அந்தச் சொல் ஆனது. ஸ்பானிய மொழியில் பல்கலைக்கழகப் பேராசிரியரை இன்றும் 'கத்தெத்ராத்திகோ' என்கிறார்கள். கதிரைக்கு உரியவர்!

ஆங்கிலத்தில் கதீட்ரல் என்பதும் இதில் இருந்து வந்ததுதான். ஆயரின் கதிரை எந்தக் கோவிலில் இருக்கிறதோ அதுவே கதீட்ரல். கட்டடத்தின் பெருமையோ கூட்டத்தின் அளவோ கணக்கில் இல்லை. ஆவணி 15இல் மடுத் திருவிழாவுக்குத் திரள்கிற சனம் வேறெங்கும் திரளாது. ஆனாலும் மடு திருத்தலம்தான். 1981இல் மன்னார் மறைமாவட்டம் உருவானபின் ஆயரின் கதிரை இருப்பது மன்னார் புனித செபஸ்தியார் ஆலயத்தில். ஆகவே அதுவே பேராலயம்.

பிரெஞ்சுக்காரர் வாயில் இதே சொல் தேய்ந்து 'ஷேர்' என்றும், பாரிஸ்காரர் ரகரத்தை மாற்றியதால் 'ஷேஸ்' என்றும் இரண்டாகப் பிரிந்தது. முதலாவது கோவிலில் பிரசங்க மேடைக்கு நின்றது. இரண்டாவது வீட்டுக் கதிரையானது. பழைய பிரெஞ்சு வடிவம் ஆங்கிலத்துக்குப் போய் 'செயர்' ஆனது.

வேரை இன்னும் தோண்டினால் எனக்கு மெய்சிலிர்க்கும் ஓர் இடம் வரும். கிரேக்கத்தில் சொல்லின் முதலில் நின்ற சகரம் பல இடங்களில் ஹகரமாகிவிட்டது. அப்படிப் பார்த்தால் 'ஹெத்ரா'வின் வேர் 'செத்'. அதே வேர்தான் ஆங்கிலத்தில் 'சிற்' என்று நிற்கிறது, வடமொழியில் 'ஸத்' என்று நிற்கிறது. உப, நி, ஸத்: குருவின் அருகே கீழே அமர்தல். உபநிடதம் என்று நாங்கள் எழுதுவது அதைத்தான். உபநிடதத்தின் கடைசி அசையும் கதிரையின் பின்பாதியும் ஒரே வேரில் இருந்து பிறந்தவை. சொல்லை மட்டும் பார்க்காமல் பொருளையும் பாருங்கள். அங்கேயும் ஆசானின் இருக்கை, இங்கேயும் ஆசானின் இருக்கை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. நாற்காலி நல்ல சொல். நான்கு காலுடையது, பார்த்ததும் விளங்கும். முக்காலிக்கு அண்ணன். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் பேச்சில் கதிரையைக் களைந்துவிட்டு அதை வைப்பது எனக்குச் சம்மதம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் நான் படிப்பித்த ஒரு பாடசாலையில், 'எங்கள் வீடு' என்ற கட்டுரையில் ஒரு பையன் "அப்பாவின் கதிரையில் பூனை படுக்கும்" என்று எழுதியிருந்தான். நான் சிவப்புப் பேனாவால் கதிரையை வெட்டி நாற்காலி என்று எழுதினேன். அந்த நாட்களில் நல்ல தமிழ் என்றால் அதுதான் என்று நம்பியிருந்தேன். அவன் கொப்பியோடு மேசைக்கு வந்து, "ரீச்சர், எங்கட வீட்டில நாற்காலி இல்லை. கதிரைதான் இருக்கு" என்றான். நான் பதில் சொல்லவில்லை. அவன் எழுதியது உண்மை, நான் எழுதியது உண்மை இல்லை. இதை இன்றும் மனம் நொந்துதான் எழுதுகிறேன்.

2009இன் தொடக்கத்தில் ஊரை விட்டு ஓடியபோது, ஐயா செய்த முதிரைக் கதிரையை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். இரணைப்பாலை வரை வந்தது. அதற்கு அப்பால் மனிதருக்கே இடம் இல்லை. வீதியோரம் இறக்கி வைத்துவிட்டு நடந்தோம். செட்டிகுளத்து முகாமில் நிலத்தில்தான் இருப்பு. மீள்குடியேறி வந்து, தறப்பாள் கொட்டிலுக்காக முதன்முதல் வாங்கிய பொருள் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். பக்கத்து வளவு அக்கா எட்டிப் பார்த்ததும், "வாங்கோ, கதிரையில இருங்கோ" என்றேன். வந்தவரை இருத்த ஒரு பொருளும், அதைச் சொல்ல ஒரு சொல்லும் மறுபடி கையில் கிடைத்திருந்தன. அந்தச் சொல்லை நான் எப்படி வெட்டுவேன்?

மகளுக்கு இரண்டையும் சொல்லிக் கொடுங்கள் தம்பி. சென்னை மாமாவுக்குக் கடிதம் எழுதும்போது நாற்காலி என்று எழுதட்டும். வீட்டில் கதிரையை எடுத்துப் போடட்டும்.

கேள்வி: பாடசாலையில் பிள்ளைகள் இருப்பது வாங்கு, காசு போடுவது வங்கி. இரண்டு சொல்லுக்கும் தொடர்பு உண்டா?
- த., மல்லாவி

உண்டு. வாங்கு போர்த்துக்கேயரின் 'பாங்கோ', நீண்ட பலகை இருக்கை. வங்கி ஆங்கிலத்தின் 'பாங்க்' வழி வந்தது. அதன் மூலம் இத்தாலியரின் 'பாங்கா', காசு மாற்றுபவர் சந்தையில் முன்னால் போட்டு வைத்திருந்த பலகை. இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே ஜெர்மானியச் சொல். வங்கிக்குப் போய் இலக்கத் துண்டோடு வாங்கில் காத்திருக்கும்போது நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: பிரதேச சபைத் தலைவரைத் தவிசாளர் என்கிறோமே, தவிசு என்றால் என்ன?
- ஒரு வாசகி, நெடுங்கேணி

தவிசு என்பது இருக்கைக்குப் பழைய சொல். ஆங்கிலத்தில் சபைத் தலைவரைக் கதிரையின் பெயரால் அழைப்பது போல நாங்களும் தவிசை ஆள்பவர் என்று அழைக்கிறோம். பழைய சொல் ஒன்று நெடுங்கேணிச் சந்தியில், அறிவித்தல் பலகையில் உயிரோடு நிற்கிறது.

பழந்தமிழில் இருக்கைக்கு இன்னும் சொற்கள் உண்டு. அரசன் இருந்தது அரசுகட்டில். முரசை வைத்தது முரசுகட்டில். அது தெரியாமல் ஏறிப் படுத்து உறங்கிவிட்ட மோசிகீரனார் என்ற புலவரை வெட்டாமல், பக்கத்தில் நின்று விசிறிவிட்டான் தகடூர் எறிந்த சேரமான். கட்டு என்ற வேரில் இருந்து வந்த கட்டில்தான் வடமொழியில் 'கட்வா' ஆனது என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். அதில் இருந்து இந்தியில் 'காட்', அதை ஆங்கிலேயர் எடுத்து 'கொட்' என்றார்கள். ஆக, கதிரை எங்களுக்கு வந்தது, கட்டில் எங்களிடம் இருந்து போனது.

கேள்வி: தொலைக்காட்சி நாடகம் பார்த்து என் பேரப்பிள்ளைகள் கதிரையைச் 'சேர்' என்கிறார்கள். கண்டித்தால் "கதிரையும் தமிழ் இல்லைத்தானே" என்று திருப்பிக் கேட்கிறார்கள். என்ன சொல்வது?
- ஓய்வுபெற்ற கிராம சேவகர், கிளிநொச்சி

ஐயா, கண்டிக்க வேண்டாம், கதை சொல்லுங்கள். 'சேர்' என்பதும் 'கதெத்ரா'வின் பேரப்பிள்ளைதான், பிரான்சையும் இங்கிலாந்தையும் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. கதிரை போர்த்துக்கல் வழியாக முந்நூறு, நானூறு வருடம் முன்னரே வந்து எங்கள் இலக்கணத்துக்குள் குடியேறிவிட்டது. வீட்டில் ஏற்கெனவே இருப்பவரை எழுப்பிவிட்டு, அவருடைய தம்பி முறையானவரை இருத்துவதில் என்ன பயன் என்று கேளுங்கள். இன்னொன்று, எங்கள் பக்கத்தில் 'சேர்' என்றால் ஆசிரியர். "சேரைத் தூக்கி அங்கால வை" என்று பிள்ளை வகுப்பில் சொன்னால் யாரைத் தூக்குவது?

கேள்வி: திருச்சியில் ஒரு வீட்டில் விருந்தினருக்கு "இருங்கோ" என்றேன். அவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அங்கே 'இருங்க' என்றால் பொறுங்கள் என்று பொருளாம். இருப்பதற்கு உட்கார் என்றுதான் சொல்ல வேண்டுமாம். எங்கள் வழக்குப் பிழையா?
- ச., வவுனியா

பிழையே இல்லை. பெருமாளை நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்கிறோம். இருந்த கோலம் என்றால் அமர்ந்த கோலம். இருக்கை என்ற சொல்லும் அப்படிப் பிறந்ததே. உட்கார் என்பது பிற்பாடு அங்கே பரவியது. பழைய பொருளை நாங்கள் விடாமல் வைத்திருக்கிறோம்.

தமிழில் இரு என்றால் அமர்தல், இரு என்றால் உளதாதலும்தான். இது தமிழுக்கு மட்டும் உரிய விந்தை என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஆனால் போர்த்துக்கேயத்தில் உளதாதலைச் சொல்லும் 'செர்' என்ற வினைக்கும் பெயர் கொடுத்தது இலத்தீனின் 'செதேரே', அதன் பொருள் அமர்தல். மேலே கதிரைக்குச் சொன்னேனே, 'செத்' என்ற வேர், அதே வேர். ஒருவரோடு ஒருவர் பேச வழியில்லாத காலத்தில், உலகின் இரண்டு மூலைகளில், அமர்ந்திருப்பதையும் இவ்வுலகில் இருப்பதையும் மனிதர் ஒரே சொல்லால் சொல்லியிருக்கிறார்கள்.

ஐயா ஒரு கதிரையைச் செய்து முடித்தால் தான் அதில் முதலில் இருக்க மாட்டார். நான்கு காலும் நிலத்தில் சரியாக நிற்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துவாயால் தூளைத் தட்டுவார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி அம்மாவைக் கூப்பிடுவார்: "இஞ்சை வா, ஒருக்கா இருந்து பார்."